கோபே: மாட்டுக்கறி சாப்பிடாதவருக்கு அங்கே என்ன வேலை?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 ஜனவரி 9

ஏப்ரலில் ஒசாகா எக்ஸ்போவுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். பயணத் திட்டத்தில் என் மைத்துனர் கோபேயைச் சேர்த்துவிட்டார். நான் விசாரித்தவரை அது மாட்டுக்கறிக்குப் பேர்போன ஊர், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் மாட்டுக்கறி தொடுவதில்லை. அம்மா சுத்த சைவம். ஒரு சிவப்புக் கோபுரத்தையும் சீனக் கடைத்தெருவையும் பார்க்க அரை நாளை வீணாக்குவதைவிட நாராவில் மான்களோடு இருந்துவிடலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜனவரி 9, இரவு

மறுக்கிறேன். ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கோபேக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும். நானும் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. மீன், கோழி உண்டு. போன இலையுதிர்காலத்தில் அம்மா வந்திருந்தார், அவரும் சுத்த சைவம். ஆக உங்கள் வீட்டு நிலைமை எனக்கு அத்துப்படி.

பார்க்கவேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு மார்க் கொடுத்தால் கோபே தோற்றுத்தான் போகும். கியோட்டோ, நாரா பக்கத்தில் நிற்கவே முடியாது. இந்தத் துறைமுகம் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1868 ஜனவரி 1 அன்று. சுற்றுலாக்காரர்கள் பார்க்கப் போவதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்ததுதான். முன்னால் கடல், பின்னால் ரொக்கோ மலை, நடுவில் சில கிலோமீட்டர் அகலச் சரிவு. அந்தச் சரிவில் வந்து குடியேறிய வியாபாரிகள் விட்டுப்போன ரொட்டி, காப்பி, மசூதி, முத்து. மதியம் மலையடிவாரத்தில் தொடங்கி, பொழுது சாயும்போது கடலுக்கு வந்து சேருகிற மாதிரி நடக்கவேண்டிய ஊர் இது. காலை பத்து மணிக்குப் போய்க் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு ஒரு மணிக்குத் திரும்புகிறவர்கள்தான் "ஒன்றுமே இல்லை" என்று எழுதுகிறார்கள்.

மான் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது சரி. கோபேயில் நாராபோல மான் கிடையாது. காட்டுப்பன்றி உண்டு. மலையிலிருந்து குடியிருப்புத் தெருக்களுக்கே இறங்கிவந்து குப்பையைக் கிளறும். அதற்குத் தீனி போடக்கூடாது என்று நகராட்சியே 2002இல் விதி போட்டிருக்கிறது.

ஜனவரி 10

எப்படிப் போவது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒசாகாவிலிருந்து சன்னோமியா நிலையத்துக்கு மூன்று ரயில் பாதைகள்: ஹான்க்யூ மலையை ஒட்டி, ஹான்ஷின் கடலை ஒட்டி, ஜே.ஆர். நடுவில். ஜே.ஆரின் சிறப்பு விரைவு வண்டி இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. மற்ற இரண்டும் சில நிமிடங்கள் அதிகம், கட்டணம் குறைவு. நம்பா பக்கம் தங்கினால் ஹான்ஷின்தான் வசதி.

நாரா கட்சிக்காரருக்கு ஒரு தகவல்: கிண்டெட்சு நாரா நிலையத்திலிருந்து நம்பா வழியாக சன்னோமியா வரை நேர் வண்டியே ஓடுகிறது. காலையில் மான், மாலையில் துறைமுகம். சண்டை தீர்ந்தது.

சன்னோமியாவில் இறங்கியதும் கிழக்கு மேற்கு தேடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் வழி சொல்வதே "மலைப் பக்கம்", "கடல் பக்கம்" என்றுதான். அறிவிப்புப் பலகைகளிலும் அப்படித்தான் இருக்கும். மலை எங்கே நின்றாலும் கண்ணில் படுவதால் தொலைந்துபோக வாய்ப்பே இல்லை. அம்மாவுக்கு ஜப்பானில் வழி புரிந்த ஒரே ஊர் இதுதான்.

ஜனவரி 11

இப்போது சாப்பாடு. நேற்று வந்த கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்.

சைவக்காரர்களுக்கு ஜப்பானில் கறி பெரிய பிரச்சினை இல்லை. தட்டில் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். பிரச்சினை தாஷி. காய்ந்த போனிட்டோ மீனைச் சீவிப்போட்டு எடுத்த சாறு. மிசோ சூப், உடோன், சோபா, கத்தரிக்காய்க் கூட்டு மாதிரி இருக்கும் ஏதோ ஒன்று, இனிப்பாக இருக்கும் தோஃபு பொட்டலச் சோறு, எல்லாவற்றிலும் அது இருக்கும். கடைக்காரரிடம் "மீன் இருக்கிறதா" என்று கேட்டால் "இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மீன் என்றால் துண்டு மீன். "தாஷி போட்டதா" என்று கேட்கவேண்டும்.

கோபேயில் இதற்கு மூன்று வழி வைத்திருக்கிறேன். முதலாவது ரொட்டி. ஜப்பானில் வீட்டுக்கு ரொட்டி அதிகம் வாங்கும் நகரங்கள் என்று கணக்கெடுத்தால் கோபே அடிக்கடி முன்வரிசையில் வரும். வெளிநாட்டவர் குடியிருப்பு இருந்த ஊர் என்பதால் பேக்கரிப் பழக்கம் நூறு வருஷத்துக்கு மேலானது. ஃப்ராய்ன்ட்லீப் என்ற ஜெர்மன் பேக்கரி 1924இல் தொடங்கியது. இப்போது ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது, மேல்மாடியில் உயரமான கூரைக்கடியில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். அம்மா அங்கே அண்ணாந்து கூரையைப் பார்த்தபடியே இரண்டு ரொட்டி சாப்பிட்டார். ஆனால் கறி பன் என்று பொரித்த ரொட்டி ஒன்று எல்லா பேக்கரியிலும் இருக்கும். உள்ளே பெரும்பாலும் மாட்டுக்கறிதான். வாசனையில் ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, மலையடிவாரத்துக் கிட்டானோ சரிவிலும் சன்னோமியாவைச் சுற்றியும் உள்ள இந்தியச் சாப்பாட்டுக் கடைகள். பெரும்பாலும் வட இந்திய ரகம். தட்டை விட்டு வெளியே தொங்கும் நான், கொஞ்சம் இனிப்பாக இருக்கும். பருப்பு, கீரைக் கறி தைரியமாகச் சாப்பிடலாம். மசூதியைச் சுற்றி ஹலால் மளிகைக் கடைகளும் உண்டு. பருப்பு, மிளகாய்த்தூள், கோதுமை மாவு எல்லாம் கிடைக்கும். சமையலறை உள்ள அறை எடுத்தால் கவலையே இல்லை.

மூன்றாவது, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சல். சிரிக்காதீர்கள். கடையில் வெறும் உப்பு போட்ட சோற்று உருண்டை விற்கிறான். இரண்டையும் சேர்த்தால் மதியச் சாப்பாடு முடிந்தது.

நான்கின்மாச்சி சீனக் கடைத்தெரு சைவக்காரர்களுக்கு இல்லை. சின்னத் தெரு, வேகமாகச் சுற்றிவிடலாம். 1915இலிருந்து ஆவியில் வேகவைத்த பன்றிக்கறி பன் விற்கும் ரோஷோக்கி கடை முன் வரிசை நிற்பதைப் பார்க்கலாம். பன் ஒன்று ஒரு வாய் அளவுதான். சாப்பிடுகிறவர்களுக்கு அது நன்றாக இருக்குமாம்.

ஜனவரி 17

நேற்றிரவு சன்னோமியாவிலேயே தங்கினேன். இன்றோடு நிலநடுக்கம் நடந்து முப்பது ஆண்டு. 1995 ஜனவரி 17, அதிகாலை 5:46. இறந்தவர்கள் 6,434 பேர். நகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலுள்ள ஹிகாஷி யூயென்ச்சி பூங்காவில் விளக்குகள் ஏற்றி, அந்த நிமிடத்தில் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றவர்களும் இருந்தார்கள். அது பிடிக்கவில்லை. ஆனால் நானும் வெளியூரிலிருந்து பார்க்க வந்தவன்தானே.

ஊர் பார்க்க வருகிறவர்கள் இதைத் தவிர்க்கவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். மெரிகென் பூங்காவில் உடைந்த படகுத்துறையை அறுபது மீட்டர் நீளத்துக்கு அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். சாய்ந்த விளக்குக் கம்பம், பிளந்த கான்கிரீட், நடுவில் கடல் தண்ணீர். கட்டணம் கிடையாது. கொஞ்சம் தள்ளி 'பீ கோபே' என்ற வெள்ளை எழுத்துக்களோடு படம் எடுக்க வரிசை நிற்கும். அந்த எழுத்துக்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. நிலநடுக்கத்துக்கு இருபது ஆண்டுக்குப் பிறகு வந்த வாசகம் அது, பூங்காவில் வைத்தது 2017இல். வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால் நல்லது.

பெரிய அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது, 2002இல் திறந்தது. நிலநடுக்கம் நடந்த நொடிகளை ஒலியும் ஒளியுமாகக் காட்டும் அறையில்தான் தொடங்குவார்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த அறையைத் தவிர்த்துவிட்டு மற்ற மாடிகளைப் பார்க்கலாம்.

நமக்கும் இந்த ஊரோடு ஒரு சங்கதி உண்டு. 2004 டிசம்பரில் நம் கடற்கரையைச் சுனாமி அடித்தது. அடுத்த மாதமே கோபேயில் ஐ.நா.வின் பேரிடர் தணிப்பு மாநாடு. நிலநடுக்கத்தின் பத்தாம் ஆண்டையொட்டி ஏற்கெனவே திட்டமிட்டிருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு அங்கே வலுத்தது.

ஜனவரி 19

சரி, ஊருக்குத் திரும்புவோம். கிட்டானோவில் உள்ள வெளிநாட்டவர் வீடுகளுக்கு டிக்கெட் வாங்கலாமா என்று கேட்டிருந்தார்கள்.

என் நண்பர்கள் பலர் நாலைந்து வீடுகளுக்கான கூட்டு டிக்கெட் வாங்கி, மூன்றாவது வீட்டிலேயே அலுத்துப்போய் வெளியே உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய நாற்காலி, பழைய பியானோ, படம் எடுத்துக்கொள்ள ஒரு குல்லாய். ஐரோப்பா பார்க்காத ஜப்பானியர்களுக்கு ஒரு காலத்தில் அது அதிசயமாக இருந்திருக்கும். மலபார் ஹில்லோ ஊட்டியோ பார்த்த நமக்குப் பெரிதாகத் தோன்றாது. ஒன்றே ஒன்று உள்ளே போவதென்றால் 1909இல் ஒரு ஜெர்மன் வியாபாரி கட்டிய செங்கல் வீட்டைச் சொல்வேன், உச்சியில் காற்றுக்கோழி நிற்கும். அதுவும் நிலநடுக்கத்தைத் தாங்கும் வேலைகளுக்காக 2025 தொடக்கத்தில் மூடியிருந்தது. 1907இல் கட்டிய இன்னொரு வீட்டில் ஸ்டார்பக்ஸ் இருக்கிறது. ஒரு காப்பி விலையில் வீட்டையும் பார்த்துவிடலாம்.

நான் கிட்டானோ போவது வேறு காரணத்துக்கு. ஒரே மேட்டில், நடை தூரத்துக்குள், 1935இல் கட்டிய மசூதி, வெள்ளைப் பளிங்கில் ஒரு ஜைனக் கோயில், கிறிஸ்தவ தேவாலயங்கள், ஜப்பானியக் கோயில். ஜப்பானின் முதல் மசூதி இது. பணம் கொடுத்தவர்களில் பெரும்பகுதி இந்திய வியாபாரிகள். 1945 குண்டுவீச்சில் சுற்றிலும் எரிந்தபோதும் நின்றது, 1995இலும் நின்றது. ஜைனக் கோயில் 1985இல் வந்தது, குஜராத்தி முத்து வியாபாரிகள் கட்டியது.

இந்தியர்கள் ஏன் இங்கே? முன்பு அவர்கள் அதிகம் இருந்தது யோகோஹாமாவில். 1923 நிலநடுக்கத்தில் அந்த நகரம் தரைமட்டமானது. பட்டு, துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த சிந்திக்காரர்கள் பலர் கோபேக்கு மாறினார்கள். யோகோஹாமா அவர்களைத் திரும்ப அழைக்க வீடும் கடையும் ஏற்பாடு செய்துகொடுத்தது. அந்த நன்றிக்கு இந்தியர்கள் 1939இல் கட்டிக்கொடுத்த குடிநீர் மண்டபம் யோகோஹாமாவின் யமாஷிதா பூங்காவில் இன்றும் இருக்கிறது. அதே 1923 நிலநடுக்கம்தான் யூக்ஹைம் என்ற ஜெர்மன் கேக்காரரையும் யோகோஹாமாவிலிருந்து கோபேக்குத் துரத்தியது. போர்க்கைதியாக ஜப்பானுக்கு வந்து 1919இல் ஹிரோஷிமாவில் முதல் பவும்குகென் சுட்டவர். இன்று விமான நிலையத்தில் நீங்கள் வாங்கும் வளைய வளையமான கேக் பெட்டிக்கு இவ்வளவு கதை.

ஜனவரி 27

லூமினாரியே தொடங்கிவிட்டது. நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் நினைவாக 1995 டிசம்பரில் தொடங்கிய விளக்கு விழா. போன ஆண்டிலிருந்து ஜனவரிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஏப்ரலில் வருகிறவர்களுக்குப் பயன்படாது. போனேன், கூட்டம், குளிர், அழகு.

பிப்ரவரி 2

மாட்டுக்கறி பற்றி நீ எப்படிப் பேசலாம் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். சாப்பிடாதவன் பேசக்கூடாதுதான். ஆனால் சாப்பிடுகிற மதுரை நண்பனுக்குக் கடை தேடிக்கொடுத்தவன் என்ற முறையில் பேசலாம்.

கோபே ஊரில் விற்கும் மாட்டுக்கறி எல்லாம் கோபே மாட்டுக்கறி ஆகிவிடாது. தஜிமா வம்சத்து மாடு, ஹியோகோ மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே வெட்டப்பட்டிருக்கவேண்டும். கொழுப்பு இழையோட்டம் பன்னிரண்டு படிகளில் ஆறாவது படிக்குக் குறையக்கூடாது. இதெல்லாம் தேறினால்தான் முத்திரை. தேறாவிட்டால் வெறும் தஜிமா கறி. ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் உண்டு. பதிவு பெற்ற கடைகள் வெண்கல மாட்டுச் சிலை ஒன்றைப் பார்வையாக வைத்திருக்கும்.

சன்னோமியா நிலையத்தருகே மெனு அட்டையோடு ஒரு பையன் எங்களைப் பிடித்தான். அட்டையில் "வாக்யூ" (ஜப்பானிய மாட்டுக்கறி) பெரிதாக, "கோபே" அதற்கு மேலே. எண்ணைக் காட்டு என்றோம். உள்ளே போய் வேறொரு அட்டையோடு வந்தான், விலை இரட்டிப்பு. பிறகு வேறு கடையில் நண்பன் மதியச் சாப்பாடாக இரும்புக் கல்லில் சுட்டுக்கொடுத்ததைச் சாப்பிட்டான். இரவு விலையைவிட மதியம் வெகு குறைவு. உண்மையான கோபே கறியே மதியத்தில் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் யென்னுக்குள் கிடைக்கும். நான் அதே கல்லில் சுட்ட காய்கறியும் பூண்டுச் சோறும் சாப்பிட்டேன். பூண்டுச் சோற்றை அந்தக் கொழுப்பிலேயே வதக்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் தனி எண்ணெயில் கேட்டேன். சமையல்காரர் கல்லின் ஒரு மூலையைத் துடைத்து அங்கே செய்துகொடுத்தார்.

நண்பன் என்ன சொன்னான்? "நாலு துண்டுக்கு மேல் முடியாது, கொழுப்புடா." அவ்வளவுதான் விமர்சனம்.

பிப்ரவரி 3

மாட்டுக்கு பீர் ஊற்றி மசாஜ் செய்து பாட்டு போட்டு வளர்ப்பார்கள் என்பதை இங்கே மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அது சுற்றுலாக் கதை. அது வழக்கமான வளர்ப்பு முறை இல்லை. வைக்கோல், சோளம், பார்லி மாதிரித் தீனிதான். கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்டுக்கு அவருடைய பெற்றோர் உணவு விடுதி மெனுவில் பார்த்த இந்தக் கறியின் பெயரைத்தான் வைத்தார்கள் என்பது மட்டும் நிஜம்.

பிப்ரவரி 15

முத்து. என் மனைவியின் அக்கா கேட்டதால் கொஞ்சம் விசாரித்து வைத்திருக்கிறேன்.

கோபே கடலில் முத்து விளைவதில்லை. அகோயா சிப்பி வளர்ப்பது எஹிமே மாகாணத்தின் உவாஜிமா, மியேயின் இசே-ஷிமா, நாகசாகி ஆகிய இடங்களில். அங்கிருந்து வரும் முத்தை நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரித்து, துளையிட்டு, ஜோடி சேர்த்து, கோத்து உலகத்துக்கு அனுப்பும் வேலை இங்கே. பிரிக்கிற வேலைக்கு நேர் வெயில் ஆகாது. ரொக்கோ மலைப் பசுமையில் பட்டுத் திரும்பிவரும் மென்மையான வடக்கு வெளிச்சம் தோதானது என்பார்கள். கிட்டானோவில் முத்து வியாபாரிகள் குவிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். துறைமுகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும், குஜராத்தி வியாபாரிகளின் உலகத் தொடர்பும் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

வாங்கும்போது அளவைப் பார்த்து மயங்காதீர்கள். மினுக்கம்தான் முதலில். முத்தில் உங்கள் முகம் எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. கடை விளக்கில் எல்லாமே பளபளக்கும், ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கேளுங்கள். உருட்டிப் பார்த்தால் கோணல் தெரியும். வெளுப்பதும் லேசாகச் சாயம் ஏற்றுவதும் அகோயாவில் சாதாரணம், அதில் மோசடி இல்லை. ஆனால் கேட்டால் கடைக்காரர் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

ஜப்பானில் வாங்கினால் மலிவு என்று வராதீர்கள். 2019 கோடையில் சிப்பிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விளைச்சல் குறைந்தது. சீன வாங்குதலும் சேர்ந்து விலை ஏறிக்கிடக்கிறது. மனைவியின் அக்காவுக்கு மாலை வாங்கப் போய்த் தோடோடு திரும்பினேன்.

பிப்ரவரி 16

"கொற்கை முத்தைக் கப்பலேற்றியவன் பேரன் ஜப்பானில் போய் முத்து வாங்குவதா?" என்று ஒரு தூத்துக்குடிக்காரர் கேட்டிருக்கிறார். கேளுங்கள் ஐயா, உரிமை இருக்கிறது. ஆனால் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். வளர்ப்பு முத்தைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் 1973இலேயே விளைவித்துக் காட்டினார்கள். அது ஏன் பெரிய தொழிலாக வளரவில்லை என்பதைத் தனியாகவே பேசவேண்டும். உங்கள் ஊர்க்காரர் யாராவது தொடங்கினால் வந்து வாசிக்கிறேன்.

மார்ச் 2

அரிமா வெந்நீர் ஊற்றுக்கு வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா என்ற கேள்விக்கு: போகலாம். சன்னோமியாவிலிருந்து பஸ் இருக்கிறது, மலைக்குப் பின்னால்தான். தண்ணீரில் இரும்பும் உப்பும் அதிகம். பூமியிலிருந்து வரும்போது தெளிவாக வந்து, காற்றுப் பட்டதும் துரு நிறமாகிவிடும். வெள்ளைத் துண்டு கொண்டுபோகாதீர்கள்.

பொதுக் குளியலில் உடையில்லாமல்தான் இறங்கவேண்டும் என்றதும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பொதுக் குளியல் கட்டடமான கின் நோ யூவுக்கு வெளியே கால் நனைக்கும் தொட்டி இலவசம். வரிசையாகப் பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். பாஷை தெரியாமல் அம்மா அவர்களோடு அரை மணி நேரம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். சோடாத் தண்ணீரில் மாவு பிசைந்து சுட்ட மெல்லிய பிஸ்கட் அங்கே விசேஷம். வாங்கும் முன் முட்டை, பால் சேர்த்ததா என்று பொட்டலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 9

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். இது இக்கானாகோ காலம். பொடிக் குஞ்சு மீனை சோயா, சர்க்கரை, இஞ்சி போட்டு வற்றவிடுவார்கள், வளைந்த பழைய ஆணி மாதிரி ஆகிவிடும். கோபே வீடுகளில் கிலோ கணக்கில் செய்து வெளியூர் உறவுகளுக்கு அனுப்புவது வழக்கம். சில ஆண்டுகளாக மீன் வரத்து ஒரேயடியாகக் குறைந்து விலை எங்கேயோ போய்விட்டது. கிடைத்தால் சூடான சோற்றோடு கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கள். நம் நெத்திலிக் கருவாட்டுத் தொக்குக்கு இனிப்பான ஒன்றுவிட்ட தம்பி.

மேற்கே இன்னும் கொஞ்சம் போனால் அகாஷி. முட்டை அதிகம் போட்ட ஆக்டோபஸ் உருண்டையைத் தாஷியில் முக்கிச் சாப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம். போகும் வழியில் சுமா கடற்கரையை ரயில் உரசிக்கொண்டு போகும், இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். மைக்கோ நிலையத்தில் இறங்கினால் தலைக்கு மேல் அகாஷி கைக்யோ பாலம், 1998இல் திறந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே 1995 நிலநடுக்கம் வந்து கோபுரங்கள் நகர்ந்தன. நடு இடைவெளி 1,990 மீட்டர் என்று வரைந்தது 1,991 ஆகிவிட்டது. 2022இல் துருக்கியில் ஒன்று கட்டும்வரை உலகத்திலேயே நீளமான தொங்குபாலம் அதுதான்.

மார்ச் 22

கடைத்தெரு பற்றி முன்பு எழுதாமல் விட்டேன், எழுத அதிகம் இல்லை என்பதால். சன்னோமியா சென்டர் தெருவும் மோட்டோமாச்சி கூரைத்தெருவும் தொடர்ச்சியாக நடக்கலாம், மழையில் நனையவே வேண்டாம். முதலாவதில் எல்லா ஊரிலும் உள்ள கடைகள். மோட்டோமாச்சி மேற்கே போகப் போகத்தான் ருசி: பழைய தேநீர்க் கடை, பேனாக் கடை, தையல்காரர், 1927இலிருந்து வட்ட வேஃபர் விற்கும் ஃபூகெட்சுடோ. துறைமுகத்தை ஒட்டிய ஹார்பர்லேண்ட் வளாகம் பிள்ளைகளுக்கு. பிராண்டு துணி மலிவாக வேண்டுமென்றால் போன நவம்பரில் புதுப்பித்துத் திறந்த தரூமி கடலோர அவுட்லெட்.

செருப்பு, ஷூ தொழில் இருந்த நகாட்டா வட்டாரம் 1995 தீயில் எரிந்தது. அங்கே இப்போது தெத்சுஜின் இரும்பு ரோபோ சிலை நிற்கிறது. சோறும் நூடுல்ஸும் சேர்த்துக் கல்லில் கொத்திக்கொடுக்கும் சோபாமேஷி பிறந்த வட்டாரமும் அதுதான். சத்தத்தைக் கேட்டால் கொத்துப் பரோட்டாக் கடை ஞாபகம் வரும். கோழி போட்டு, மாட்டுக்கறி இல்லாமல் செய்யச் சொன்னேன், செய்தார்கள்.

வரி: ஒரே கடையில் ஒரே நாளில் வரிக்கு முன் 5,000 யென் சேர்ந்தால் பாஸ்போர்ட்டைக் காட்டி நுகர்வு வரி இல்லாமல் வாங்கலாம். 2026 நவம்பரிலிருந்து இது மாறுகிறது. வரியோடு கட்டிவிட்டு, ஊருக்குக் கிளம்பும்போது திரும்பப் பெறவேண்டும்.

ஏப்ரல் 5

கேள்வி கேட்டவரின் குடும்பம் அடுத்த வாரம் வந்து சேருகிறது. எல்லாவற்றையும் பார்க்க முடியாது. முன்பு நான் ஓர் இரவாவது தங்கித்தான் ஆகவேண்டும் என்ற முடிவில் இருந்தேன். எக்ஸ்போ அலைச்சலுக்கு நடுவில் வயதானவரை ஓட்டல் மாற்றச் சொல்வது நியாயமில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒசாகாவிலேயே இருங்கள், மதியம் கிளம்புங்கள்.

ஷின்-கோபேயில் ரோப்வே ஏறி மூலிகைத் தோட்டம். திரும்பும்போது கால் நன்றாக இருப்பவர்கள் நடந்து இறங்கினால் நுனோபிக்கி அருவி, 43 மீட்டர். மேலே 1900இல் கட்டிய அணையும் உண்டு. பூமத்திய ரேகையைத் தாண்டினாலும் கெடாத தண்ணீர் என்று மாலுமிகள் பேசிக்கொண்ட கோபே தண்ணீர் இந்த மலையினுடையது. அம்மா ரோப்வேயிலேயே இறங்கட்டும். பிறகு கிட்டானோ, தேவாலய பேக்கரி, மோட்டோமாச்சி, இருட்டும் நேரத்தில் மெரிகென் பூங்கா. 1963இல் கட்டிய சிவப்புக் கோபுரம் புதுப்பித்துப் போன ஆண்டு திறந்தது. மேலே ஏறுவதைவிட எதிரே ஹார்பர்லேண்டின் மொசைக் மாடியிலிருந்து பார்ப்பதே மேல், காசும் மிச்சம்.

மாயா மலை இரவுக் காட்சியை விட்டுவிடுங்கள். ஹகோதாத்தே, நாகசாகியோடு சேர்த்து ஜப்பானின் மூன்று சிறந்த இரவுக் காட்சிகளில் ஒன்று என்பார்கள், அது உண்மைதான். ஆனால் கேபிள் ரயில், ரோப்வே, குளிர், கடைசி வண்டியைப் பிடிக்கும் ஓட்டம். செவ்வாய்க்கிழமை ஓடவும் ஓடாது. நாடா வட்டாரத்தில் சாகே என்ற அரிசி மது செய்யும் ஆலைகளும் மைத்துனருக்கு மட்டும்தான் பயன்படும். ஹகுட்சுரு சாகே ஆலையின் அருங்காட்சியகம் இலவசம், ருசி பார்க்கவும் கொடுப்பார்கள். அவரைக் காலையிலேயே தனியாக அனுப்பிவிடுங்கள்.

ஏப்ரல் 20

போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் பேக்கரியும் ஜைனக் கோயிலும் பிடித்ததாம், அருவி வரை தானே நடந்தாராம். மைத்துனரைச் சாகே ஆலையிலிருந்து கிளப்ப மூன்று முறை போன் போடவேண்டியிருந்ததாம். கேள்வி கேட்டவர் மட்டும் இன்னும் நாரா கட்சியில்தான் இருக்கிறார்: "ஊர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேடு அதிகம்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேடு அதிகம்தான். சிட்டி லூப் என்ற சுற்றுலா பஸ் கிட்டானோ வரை ஏறும், ஒரு நாள் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 22

கான்சாய் விமான நிலையத்திலிருந்து நேராகக் கோபே வர பெட்டியோடு ரயில் மாறவேண்டுமா என்று புதிதாக ஒருவர். வேண்டாம். சன்னோமியாவுக்கு நேர் பஸ் உண்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கடல் வழியாக வர ஆசையென்றால் கோபே விமான நிலையத்துக்குப் படகு ஓடுகிறது, அரை மணி நேரம். அங்கிருந்து ஓட்டுநர் இல்லாத போர்ட் லைனர் வண்டியில் சன்னோமியா. கோபே விமான நிலையத்திலேயே இந்த மாதம்தான் வெளிநாட்டு வாடகை விமானங்கள் இறங்கத் தொடங்கியிருக்கின்றன. கொரியா, சீனா, தைவான் வழியாக வருகிறவர்கள் விசாரித்துப் பாருங்கள்.